ராஜா வண்டியின் பேசும் குழாய்

நேற்று மத்தியானம் உன் மகள் சரோஜா நகரியிலிருந்து வந்திருந்தாள். தையல் மிஷின் பலகையின் மேல் ஒரு துணிப் பொட்டலத்தை வைத்து, "வண்டியப் பிரிச்சு இரும்புக்குப் போட்டாச்சு மாமா. இது ஒண்ணுதான் உங்களுக்குன்னு எடுத்தாந்தேன்" என்றாள். பிரித்தேன். நம் ராஜா வண்டியின் பேசும் குழாய்க்கு வைத்திருந்த பித்தளை வாய். ஊமத்தம்பூ மாதிரி விரிந்து, பாத்திரக்காரர் சுத்தியலால் தட்டிய நெளிவோடு அப்படியே இருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். வாடின மல்லிகையும் பெட்ரோலும் கலந்த வாசனை. இத்தனை வருஷம் கழித்துப் பித்தளையில் அது எப்படித் தங்கும் என்று நீ கேட்பாய். எனக்கு வந்தது, அவ்வளவுதான்.

அவள் போனபிறகு கத்தரிக்கோலைக் கையில் எடுக்கவே மனசு வரவில்லை. அவள் சொன்னதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. நீயோ போன மார்கழியிலேயே போய்விட்டாய். செத்தவர்களோடு பேசக் கூடாது என்பார் எங்கள் சபை ஐயர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவருடைய பிரசங்கத்தைக் கேட்கிறேன், அங்கியும் தைத்துக் கொடுக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் அவர் என்னை விட்டுவிடட்டும்.

உலகச் சண்டை வருவதற்கு முந்தின காலம் அது. நகரியில் தறியை விட்டுவிட்டு நீ சித்தூருக்கு வந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாய். ஒருநாள் திருப்பதியில் ஏதோ சமஸ்தானத்து ராஜா வந்து இறங்கிய காரைப் பார்த்துவிட்டு வந்தாய். அன்றோடு உனக்குத் தூக்கம் போயிற்று. ஓய்வுபெற்ற ஒரு முன்சீப்பின் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய காரைப் பேசி முடித்து, பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்கு இழுத்து வந்தாய். அதை நடுவில் இரண்டாக வெட்டப் போகிறேன் என்று நீ சொன்னபோது, உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"கல்யாணத்துக்கு வாடகைக்கு விடறேன் டைலரே. சனங்க இஞ்சினையா பாக்கறாங்க? நீளத்தைத்தான் பாக்கறாங்க" என்றாய்.

எவ்வளவு நீட்டுவது என்று பட்டறைக்காரர் கேட்டார். "உள்ள ஒரு ஆளு காலை நீட்டிப் படுக்கணும், அப்பதான் ராஜா வண்டி" என்றாய். படுக்க வைக்க ஆள் தேடினாய். நான்தான் அகப்பட்டேன். மரத்தூளில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்துத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சாக்கட்டியால் கோடு போட்டாய். எனக்குச் சோறு கொண்டுவந்த என் மனைவி எஸ்தர் அதைப் பார்த்துவிட்டு, "இவரு குள்ளம் அண்ணா, நல்ல ஒசரமான ஆளா வச்சு அளந்துக்கோங்க" என்றாள். அவள் மட்டும் என்ன உயரமாம்? பக்கத்தில் நின்றால் இரண்டு பேரும் ஒரே உயரம்தான்.

அந்த வண்டியில் உண்மை என்று எது இருந்தது சொல். இரண்டு பக்கமும் மாட்டியிருந்த உபரி டயர்களில் ஒன்று, நான் தேங்காய் நார் அடைத்துத் தைத்த உறை. முன்னால் இருந்த பெரிய விளக்குகளில் பல்பே கிடையாது. மூக்கில் பித்தளை அன்னம் கேட்டாய், பாத்திரக்காரர் வாத்து செய்து கொடுத்தார். திரைச்சீலைகள் எங்கள் ஆலயத்துப் பிரசங்க மேடைக்கு எடுத்த சிவப்புப் பட்டின் மிச்சம். டிரைவருக்கும் பின்னால் இருப்பவர்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. ராஜாவின் காரில் உள்ளேயிருந்து டிரைவரிடம் பேச ஒரு குழாய் இருந்ததாம், நமக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தாய். அதற்குக் கண்ணாடியில் ஓட்டை போட வேண்டும், போட்டால் உடைந்துவிடும் என்று பட்டறைக்காரர் பயந்தார். "எங்கியும் போவ வேணாம். இருந்தா போதும்" என்றாய் நீ. பித்தளை வாயில் ரப்பர் குழாயைச் சொருகி, மறு நுனியை ஸீட்டுக்கு அடியில் பஞ்சுக்குள் வைத்து நான்தான் தைத்தேன்.

உள்ளே உட்கார்ந்தவர்கள் அதில் வாயை வைத்து ஏதாவது சொல்வார்கள். நீ பின்னால் பார்க்க மேலே மாட்டியிருந்த கண்ணாடியை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துத் தலையைப் பலமாக ஆட்டுவாய். அதோடு சரி. ஒருநாள் கேட்டுவிட்டேன். "இன்னா சொல்லப் போறாங்க? மெதுவா போம்பாங்க. நான் எப்பவும் மெதுவாத்தான் போய்க்கினு கீறேன்" என்றாய்.

வேகமாகப் போக நினைத்தாலும் அது போகாது. அத்தனை நீளத்தையும் இழுத்தது அந்த முன்சீப்பு வீட்டு இஞ்சின்தானே. மேடு என்று ஒன்று வந்தால் மாப்பிள்ளைத் தோழர்கள் இறங்கித் தள்ள வேண்டும். அதனால் எந்த ஊரானாலும் ஊர்வலம் மேட்டுத் தெருவில் தொடங்கிப் பள்ளத்துத் தெருவில் முடிகிற மாதிரி நீயே ஏற்பாடு செய்துவிடுவாய். பலமனேர் மலைப்பாதைக்கு யார் கூப்பிட்டாலும், "இது ராஜா வண்டி, மலை ஏறாது" என்று கௌரவமாகச் சொல்லி அனுப்புவாய்.

திருப்பதிக்கு முதல்முறை போனது நினைவிருக்கிறதா? உள்ளே ஒரு கடலை எண்ணெய் வியாபாரி வீட்டு மாப்பிள்ளையும் பெண்ணும், மடிக்கொன்றாக உறவுக்காரக் குழந்தைகளும். நான் உன் பக்கத்தில். ஸ்டேஷன் ரோட்டில் போலீஸ்காரர் விறைப்பாக நின்று சலாம் வைத்தார். நீ கூசாமல் பதில் சலாம் வைத்தாய். மொட்டை போட்ட யாத்திரிகர்கள் ஓரம் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். ஒரு கிழவர், "லோபல எவரு பாபு" என்று கேட்டார். உள்ளே யார் என்று கேட்ட அவருக்கு, "ராஜாதான் பெத்தாயனா" என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினாய். எனக்குக் கோபம் வந்தது. ஊரையெல்லாம் ஏமாற்றுகிறாயே என்றேன்.

"ஏமாத்து இல்லபா, வேஷம். கூத்துல ராஜா கட்றவன் பொய்யா சொல்றான்?"

நானும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எங்கள் சபையில் கல்யாண ஊர்வலம் கிடையாது. ஆலயத்திலிருந்து வீட்டுக்கு நானும் எஸ்தரும் வெயிலில் நடந்தே வந்தவர்கள். அதைச் சொல்லி நீ அவளைச் சீண்டுவாய். "ஒரு நாளிக்கு உன்னை ஏத்திக்கினு ஊரச் சுத்தறேன் பாரு தங்கச்சி" என்பாய். "பெட்ரோல் வீணாப்போவும் அண்ணா, மொதல்ல துன்னுட்டுப் போங்க" என்பாள். இருவருமே அதை நிஜமாக நினைத்துச் சொன்னதில்லை.

சண்டையின் நடுவில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவர்களும் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். செத்துப்போன எங்கள் குழந்தை கிடக்கும் சித்தூர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் தன்னையும் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். பங்குனி வெயில். பிணத்தை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். மாட்டு வண்டியில் போனால் எப்போது போய்ச் சேருவது? பஸ் டிரைவர் ஒருவரிடம் உனக்குச் சொல்லியனுப்பிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் எதையும் கேட்டு அனுப்பவில்லை, செய்தியைத்தான் அனுப்பினேன். வெயில் ஏறும் முன்பே ராஜா வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. சண்டைக்கால ரேஷனில் கல்யாணத்துக்கென்று நீ சேர்த்துவைத்திருந்த பெட்ரோல் அது. முந்தின நாள் ஊர்வலத்துக்குக் கட்டிய மல்லிகைச் சரங்கள் வாடி, அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.

பூவையெல்லாம் பிய்த்து எறி என்றேன். நீ கேட்கவில்லை.

"இருக்கட்டும். தங்கச்சிக்குத்தான்" என்றாய்.

நாம் நீட்டிய அந்த நடு இடத்தில் அவளைப் படுக்கவைத்தோம். தலையும் இடிக்கவில்லை, காலையும் மடக்க வேண்டியிருக்கவில்லை. நீ என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினாய். உள்ளே திரையை இழுத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

சித்தூர் நெருங்கும்போது வண்டி நின்றது. திரை ஓரத்தில் பார்த்தேன். ரோட்டோர ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் தட்டோடு குறுக்கே நின்றிருந்தார்கள். கல்யாண வண்டி போனால் மறித்து ஆரத்தி எடுத்துக் காசு வாங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். பூவும் மூடிய திரையும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தானே தோன்றும். நீ கண்ணாடித் தடுப்பு வழியாகத் திரும்பி என்னைப் பார்த்தாய். நான் திரையை இறுக்கிப் பிடித்தேன். நீ இறங்கிப் போனாய்.

"பொண்ணு தூங்குது. வெளியவே சுத்திடுங்கம்மா" என்று நீ சொன்னது காதில் விழுந்தது.

சுற்றினார்கள். கற்பூரப் புகை உள்ளே வந்தது. "மவராசியா இரு தாயி" என்று ஒருத்தி சொன்னாள். ஆரத்தித் தண்ணீரைத் தொட்டுக் கதவில் பொட்டு வைத்தாள். திரையின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தெறித்தது. எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அசையாமல் இருந்தேன். அழவும் பயம், வெளியே கேட்டுவிடுமே என்று. நீ காசு போட்டுவிட்டு வந்து வண்டியை எடுத்தாய்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அடக்கமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கேட்டேன். "சொல்லியிருந்தா அலறிப்போயிருப்பாங்க. போவட்டும், தங்கச்சிக்கு ஒரு ஆரத்தி கெடச்சுதில்ல" என்றாய். உனக்கு அது அவ்வளவு எளிமையாக இருந்தது.

மற்றவர்களுக்கு அப்படி இருக்கவில்லை. தட்டு பிடித்தவளின் தம்பி சித்தூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கிறவன். கல்லறைத் தோட்டத்து வாசலில் பூச்சரத்தோடு நின்ற வண்டியை அவன் பார்த்திருக்கிறான். சுமங்கலிகளைப் பிணத்துக்கு ஆரத்தி எடுக்க வைத்துவிட்டான் என்று ஊரே பேசிற்று. அந்தப் பெண்கள் எங்கோ போய்ப் பரிகாரம் செய்துகொண்டு வந்தார்களாம். பேசிவைத்திருந்த திருப்பதிக் கல்யாணக்காரர் ஆளனுப்பி வேண்டாம் என்றார். அடுத்தவரும் அப்படியே. புரோகிதரைக் கூப்பிட்டுத் தீட்டுக் கழிக்கப் புண்யாகம் செய்தாய், வண்டியை உள்ளும் புறமும் கழுவினாய். ஆரத்திச் சொட்டு தெறித்த திரையை மட்டும் கழுவ விடவில்லை. அந்த முகூர்த்த காலம் முழுக்க ராஜா வண்டி கொட்டகையில் நின்றது. நீ மறுபடியும் பஸ் ஓட்டப் போனாய், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற கரிவாயு பஸ். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு சரோஜாவுக்குக் கல்யாணம் வந்தது. நகரியிலேயே தறிக்கார வீட்டு மாப்பிள்ளை. பெண்ணை அந்த வண்டியில்தான் ஊர்வலம் விடுவேன் என்றாய். வீடு தேடி வந்து உன்னிடம் கெஞ்சினேன். வேறு வண்டி பிடி, எஸ்தர் இருந்தால் அவளே வேண்டாம் என்பாள் என்றேன்.

"நீ வேணாங்கலாம் டைலரே. நான் சொன்னா, தங்கச்சி தீட்டுன்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆயிடும். என்னால ஆவாது."

நகரித் தெருமுனையில் மாப்பிள்ளையின் அப்பா வழியை மறித்தார். கோபம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுகிற மனிதர். "வத்தய்யா, ஆ காரு வத்து. பொணம் ஏறின வண்டில எம் புள்ள குந்தமாட்டான்" என்றார். வேண்டாம், அந்தக் காரே வேண்டாம் என்று ஒரே பிடி. கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். நடுவில் பெரியவர்கள் புகுந்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை முன்னால் நடந்து வருவான். பெண் வேண்டுமானால் அப்பன் வண்டியில் வரட்டும்.

அப்படியே நடந்தது. முன்னால் மேளம், அதன் பின்னால் மாலையோடு நடக்கும் மாப்பிள்ளை, அவனைச் சுற்றி உறவு ஜனம். இருபது அடி தள்ளி நம் நீள வண்டி, உள்ளே அத்தனை இடத்திலும் சரோஜா ஒருத்தி மட்டும். தறிகளை நிறுத்திவிட்டு ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாதித் தெருவில் மேலே இருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். பித்தளை வாயைக் கையில் எடுத்து ஏதோ சொன்னாள். நீ தலையை ஆட்டினாய். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் ஆட்டினாய். மேளச் சத்தத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், ஒன்றுமே கேட்கவில்லை.

"இன்னா சொல்லுச்சு கொழந்த?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கலபா" என்றாய்.

அதற்குப் பிறகு அவள் உன் வீட்டுக்கு வரவில்லை. ஆடிக்குக் கூப்பிட்டாய், வரவில்லை. பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு நீயே போனாய். வாசலில் தண்ணீர் கொடுத்தாள், கூடையை வாங்கிக்கொண்டாள், உட்காரச் சொல்லவில்லை. பிணவண்டியில் வந்தவள் என்று மாமியார் குத்துவது உன் காதுக்கும் வந்தது. "வண்டிக்காகத்தான் கோவம். போவப்போவ சரியாப்பூடும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாய். போகப்போக உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடைசி நாட்களில் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். அவள் வந்தபோது உன்னைத் தூக்குவதற்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அழாமல் நின்றாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக இருந்தது.

நேற்று அந்தப் பித்தளையைக் காட்டி அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"அன்னிக்கு இதுல இன்னா சொன்னேன் தெரியுமா மாமா? நைனா, வண்டிய நிறுத்து, நானும் எறங்கி அவரோட நடக்கறேன்னு சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன். ரெண்டு வாட்டியும் தலைய ஆட்டுச்சு. ஆட்டிட்டு ஓட்டிக்கினே போச்சு. நான் எறங்கி நடந்திருந்தா அந்த ஊட்ல எனக்கு இத்தினி பேச்சு இல்ல. எம் பேச்ச விட அதுக்கு வண்டிதான் பெருசாப் பூட்ச்சு."

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் குழாய் எங்கேயும் போகாதம்மா, மறு நுனியை ஸீட்டுக்கு அடியில் பஞ்சில் வைத்துத் தைத்தவனே நான்தான் என்றேன். அவள் நம்பவில்லை. கண்ணாடித் தடுப்பில் ஓட்டையே கிடையாது என்பதைச் சொன்னேன். பிரித்த ஆளைக் கேட்டுப் பார் என்றேன். நெடுநேரம் பித்தளை வாயின் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நைனா ஏன் தலைய ஆட்டுச்சு?"

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா ஆட்டுவான். உள்ள யாரு இன்னா சொன்னாலும் ஆட்டுவான்."

அப்போதுதான் அழுதாள். உன்னைத் தூக்கிப் போன அன்று அழாததையும் சேர்த்து அழுதாள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முகம் கழுவிக்கொண்டு, அடுத்த திதிக்குச் சித்தூரிலேயே படையல் போடறேன், நீங்களும் வந்து துன்னணும் மாமா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஏறும்போது முகம் தெளிந்திருந்தது. எனக்குத்தான் தெளியவில்லை.

எல்லாருக்கும் ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துத் தலையாட்டுகிறவன் நீ. அன்றைக்கு அப்படியா பார்த்தாய்? பக்கத்தில் இருந்தவன் நான். தெரு முடிகிறவரை உன் கண் மேலே இருந்த கண்ணாடியை விட்டு இறங்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாய். உன் கன்னம் நனைந்திருந்தது. பெற்ற பெண்ணின் வாயசைவைப் புரிந்துகொள்ள ஒரு அப்பனுக்குக் குழாய் வேண்டுமா? நிறுத்தியிருந்தால் அவள் இறங்கி நடந்திருப்பாள். பிணம் ஏறிய வண்டியில் சொந்த மகளே உட்காரவில்லை என்று நகரி முழுக்க ஆகியிருக்கும், எஸ்தர் தீட்டுத்தான் என்றும் ஆகியிருக்கும். நீ யாருக்காக நிறுத்தாமல் போனாய் என்று கேட்க இன்றைக்கு நீ இல்லை.

பித்தளை வாயை மிஷினுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். குழாய் எங்கேயும் போகவில்லை என்பதை மட்டும்தான் அவளிடம் சொன்னேன். நீ கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை.